நாலு விளையாட்டு ஆடியவர் பயிற்சியாளராக, நிர்வாகியாக: சான்றிதழ் முதல் சங்கப் பதிவு வரை

காலையில் கூடைப்பந்து, மாலையில் வாலிபால், சீசன் வந்தால் தடகளம், ஆள் குறைந்தால் கபடிக்கும் ஜெர்சி மாட்டிக்கொண்டு இறங்குவது. கல்லூரி முழுக்க இப்படி ஆடிவிட்டு, இனி வேலையும் விளையாட்டிலேயே என்று முடிவெடுத்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் அப்படி வந்தவன்தான். ஆடுவது எனக்குச் சுலபமாக இருந்தது. ஆடினேன் என்று நிரூபிக்கத்தான் நிறையப் படி ஏற வேண்டியிருந்தது.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பல விளையாட்டு தெரிந்தவருக்கு மைதானத்தில் மதிப்பு உண்டு, விண்ணப்பப் படிவத்தில் அதற்குக் கட்டமே கிடையாது. அங்கே "உங்கள் விளையாட்டு எது" என்று ஒருமையில்தான் கேட்பார்கள். கீழே சொல்லும் எல்லா வேலையும் அந்த ஒரு கேள்விக்கான தயாரிப்புதான்.

தமிழ்நாட்டு நடைமுறையை வைத்து எழுதியிருக்கிறேன். கட்டணமும் கடைசித் தேதியும் ஆண்டுக்காண்டு மாறும், அந்தந்த ஆண்டு அறிவிப்பைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

1. கோச்சா, பி.டி.யா? பிரித்துக்கொள்ளுங்கள்

ஊரில் விசில் வைத்திருக்கும் எல்லோரையும் "பி.டி. சார்" என்றுதான் கூப்பிடுவோம். அரசுக் கணக்கில் இவை வேறு வேறு வேலைகள், வேறு வேறு படிப்புகள்.

பயிற்சியாளர் என்றால் ஒரு குறிப்பிட்ட விளையாட்டுக்கு. இந்திய விளையாட்டு ஆணையம், தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம், அகாடமிகள், கிளப்புகள் இவற்றில் வேலை. இதற்குப் பயிற்சியாளர் டிப்ளமோ வேண்டும்.

உடற்கல்வி ஆசிரியர், உடற்கல்வி இயக்குநர் என்றால் பள்ளி, கல்லூரி. இதற்கு உடற்கல்விப் பட்டங்களான பி.பி.எட்., எம்.பி.எட். இந்த வேலையில்தான் நீங்கள் ஆடிய எல்லா விளையாட்டும் தினமும் பயன்படும். ஒரே ஆள் காலையில் ஹேண்ட்பால் கோடு போட வேண்டும், மதியம் செஸ் போட்டிக்குப் பெயர் அனுப்ப வேண்டும்.

நிர்வாகத்துக்கு நேரடிக் கதவு அநேகமாக இல்லை. மேலே சொன்ன இரண்டில் ஒன்றில் வேரூன்றி, அங்கிருந்து சங்கத்துக்கோ ஆணையத்துக்கோ பல்கலைக்கழக விளையாட்டுத் துறைக்கோ போவதுதான் வழக்கம்.

பி.டி. பாதையில் போய்க்கொண்டே கோச்சிங் தகுதியையும் சேர்ப்பவர்கள் உண்டு. இரண்டையும் ஒரே வருடத்தில் முடிக்கப் பார்க்காதீர்கள், இரண்டுமே முழுநேர வகுப்பு.

2. டி.சி. வாங்குவதற்கு முன் சான்றிதழ்களை முடியுங்கள்

இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். பின்னால் வரும் சிக்கல்களில் பாதி இங்கேதான் ஆரம்பிக்கிறது.

போட்டி முடிந்ததும் மேடையில் கொடுக்கும் வண்ணச் சான்றிதழ் ஒன்று. வேலைக்கும் விளையாட்டு ஒதுக்கீட்டுக்கும் கேட்கும் படிவம் வேறொன்று. மத்திய அரசு வேலைகளுக்கு அந்தப் படிவங்களில் முக்கியமானவை நான்கு:

படிவம் 1: நாட்டுக்காக ஆடியவர்களுக்கு. தேசியச் சம்மேளனத்தின் செயலாளர் கையெழுத்து.
படிவம் 2: மாநிலத்துக்காக தேசியப் போட்டி ஆடியவர்களுக்கு. மாநிலச் சங்கச் செயலாளர் கையெழுத்து.
படிவம் 3: பல்கலைக்கழகத்துக்காக இன்டர்-யூனிவர்சிட்டி ஆடியவர்களுக்கு. பல்கலைக்கழகத்தில் விளையாட்டுக்குப் பொறுப்பான டீன் அல்லது இயக்குநர் கையெழுத்து.
படிவம் 4: தேசியப் பள்ளி விளையாட்டுகளில் மாநில அணிக்கு ஆடியவர்களுக்கு. பள்ளிக்கல்வி இயக்குநரகத்தில் விளையாட்டுக்குப் பொறுப்பான அதிகாரி கையெழுத்து.

நம்மில் பெரும்பாலானவர்களுக்குப் படிவம் 3-தான் கைகொடுக்கும். கல்லூரி முதல்வரோ கல்லூரி உடற்கல்வி இயக்குநரோ கையெழுத்துப் போட்டால் அது செல்லாது, பல்கலைக்கழகத்துக்கே போக வேண்டும். இறுதியாண்டின் கடைசிப் பருவத்திலேயே இதை முடித்துவிடுங்கள். படிப்பை முடித்துப் போனவரின் பெயரைப் பழைய பதிவேட்டில் தேடித் தர எந்த அலுவலகத்திலும் ஆர்வம் இருக்காது. பதிவேடு இடம் மாறியிருக்கும், அதிகாரி மாறியிருப்பார், "அடுத்த வாரம் வாங்க" என்பது மட்டும் மாறாது.

பல விளையாட்டு ஆடியவர்கள் ஒவ்வொரு போட்டிக்கும் தனித்தனியாக வாங்க வேண்டும். எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் அலைய முடியாவிட்டால், உயர்ந்த மட்டத்தில் ஆடியதை முதலில் வாங்குங்கள். அகில இந்திய இன்டர்-யூனிவர்சிட்டி, அடுத்து தென்மண்டலம், அப்புறம்தான் கல்லூரிகளுக்கிடையேயானது. இந்திய பல்கலைக்கழகங்கள் சங்கம் நடத்தும் போட்டிகளுக்கு 25 வயது வரம்பு உண்டு. எம்.பி.எட். படிக்கும்போது பதக்கம் அடித்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுபவர்கள் பிறந்த தேதியை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

சான்றிதழ் கைக்கு வந்ததும் அங்கேயே நின்று இவற்றைச் சரிபாருங்கள்:

பெயரும் இனிஷியலும். நம் ஊர்க்காரர்களுக்கே உரிய தலைவலி இது. மதிப்பெண் பட்டியலில் "முருகன் எஸ்", ஆதாரில் "முருகன் செல்வராஜ்", சான்றிதழில் "எஸ். முருகேசன்" என்று இருந்தால் மூன்றும் மூன்று ஆட்கள். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் இருப்பதுபோலவே எல்லா இடத்திலும் இருக்கட்டும். அணிப் பட்டியலை டீம் மேனேஜர் எழுதும்போதே பக்கத்தில் நின்று பாருங்கள், தவறு அங்கிருந்துதான் சான்றிதழுக்குப் போகிறது.

போட்டி நடந்த தேதி, இடம், பிரிவு, பெற்ற இடம். "பங்கேற்றார்" என்று மட்டும் இருந்தால் நீங்கள் மூன்றாம் இடம் வந்தது யாருக்கும் தெரியாது.

கையெழுத்துக்குக் கீழே பெயர், பதவி, முத்திரை.

இன்னொரு பொறி, இது மோசமானது. "தேசிய", "அகில இந்திய", "இந்தோ" என்றெல்லாம் பெயர் வைத்துக்கொண்டு பணம் கட்டுபவர்களை எல்லாம் அழைத்துப்போய்ப் பதக்கம் மாட்டி அனுப்பும் அமைப்புகள் உண்டு. அந்தச் சான்றிதழைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டலாம், வேலைக்கு உதவாது. மத்திய இளைஞர் நலன் மற்றும் விளையாட்டு அமைச்சகம் அங்கீகரித்த சம்மேளனங்களின் பட்டியல் அமைச்சகத் தளத்தில் இருக்கிறது. அந்தச் சம்மேளனத்தோடு இணைந்த மாநிலச் சங்கமா என்று பாருங்கள். சில விளையாட்டுகளில் ஒரே பெயரில் இரண்டு சங்கங்கள் சண்டை போட்டுக்கொண்டிருக்கும். போட்டி நடந்த ஆண்டில் யாருக்கு அங்கீகாரம் இருந்தது என்பதுதான் கணக்கு. இப்போது சம்மேளனங்களின் சான்றிதழ்கள் டிஜிலாக்கருக்கும் (அரசின் இணைய ஆவணப் பெட்டகம்) வர ஆரம்பித்துவிட்டன, உங்களுடையது அங்கே ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

3. ஒரு விளையாட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள்

மனசு வராது, தெரியும். எந்த விளையாட்டு அதிகம் பிடிக்கும் என்று யோசிக்காமல், சான்றிதழ்களை மேசையில் பரப்பிவைத்து எதில் உயர்ந்த மட்டத்தில் ஆடியிருக்கிறீர்கள் என்று பாருங்கள். மூன்று விளையாட்டில் கல்லூரி அணி, ஒன்றில் மட்டும் பல்கலைக்கழக அணி என்றால் அந்த ஒன்றுதான் உங்கள் விளையாட்டு. மற்றவை உங்களோடு இருக்கும், உடற்கல்வி வேலைக்குப் போகும்போது பேசும்.

இரண்டு சமமாக இருந்தால், உங்கள் மாவட்டத்தில் எதற்கு மைதானமும் பிள்ளைகளும் இருக்கிறார்களோ அதை எடுங்கள். ஹாக்கி என்றால் கோவில்பட்டியில் பிழைக்கலாம். டர்ஃபும் (செயற்கைப் புல்தரை) இல்லை, ஆடும் பிள்ளைகளும் இல்லை என்ற ஊரில் உட்கார்ந்துகொண்டு ஹாக்கி டிப்ளமோவை வைத்து என்ன செய்வது?

4. பயிற்சியாளர் பாதை

எல்லோரும் "என்.ஐ.எஸ்." என்று சொல்வது பாட்டியாலாவில் உள்ள நேதாஜி சுபாஷ் தேசிய விளையாட்டு நிறுவனத்தை. அங்கே இரண்டு வகைப் படிப்பு உண்டு, இரண்டையும் "என்.ஐ.எஸ். முடித்தேன்" என்றே சொல்கிறார்கள். குழப்பமே இங்கேதான்.

ஒன்று, ஆறு வாரச் சான்றிதழ் படிப்பு, பெரும்பாலும் கோடை விடுமுறையில். வேலையில் இருக்கும் உடற்கல்வி ஆசிரியர்களுக்கு நல்லது. பயிற்சியாளர் பணியிட அறிவிப்பில் "டிப்ளமோ" என்று இருந்தால் இது போதாது.

இன்னொன்று, முழுநேர விளையாட்டுப் பயிற்சி டிப்ளமோ. கிட்டத்தட்ட ஒரு வருடம். பாட்டியாலா தவிர பெங்களூரு, கொல்கத்தா, திருவனந்தபுரம் மையங்களிலும் நடக்கிறது. எல்லா விளையாட்டும் எல்லா மையத்திலும் கிடையாது, உங்களுடையது எங்கே என்று அந்த ஆண்டு அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். சாதனைச் சான்றிதழுக்கு மதிப்பெண் உண்டு, உடல்தகுதியும் விளையாட்டுத் திறனும் சோதிப்பார்கள். அறிவிப்பு வந்த பிறகு விழித்துக்கொண்டு படிவம் 3 தேடுகிறவர்களுக்கு அந்த ஆண்டு போய்விடும்.

செலவில் படிப்புக் கட்டணத்தை மட்டும் பார்க்காதீர்கள். விடுதி, மெஸ், கிட், ரயில், மருத்துவச் சான்று, இவற்றோடு ஒரு வருடம் வருமானம் இல்லாதது. பாட்டியாலா என்றால் டிசம்பர், ஜனவரி குளிருக்கு நல்ல ஸ்வெட்டரும், பேச்சுக்குக் கொஞ்சம் இந்தியும் வேண்டும்.

டிப்ளமோவுக்கு இடம் கிடைக்காதவர்களுக்குச் சம்மேளன லைசென்ஸ் என்று ஒரு வழி இருக்கிறது. கால்பந்தில் டி, சி, பி, ஏ என்று ஏறுவரிசை. வாலிபால், தடகளம், பேட்மின்டன் போன்றவற்றில் சர்வதேசச் சம்மேளனங்களின் லெவல் 1 படிப்புகள். நாள் கணக்கில் முடிந்துவிடும், தனியார் அகாடமிகள் இவற்றை மதிக்கின்றன. அரசு வேலைக்கு எது செல்லும் என்று அந்தந்த அறிவிப்புதான் சொல்லும்.

மத்திய அரசின் விளையாட்டுத் திட்டமான கேலோ இந்தியாவின் மையங்களில் முன்னாள் வீரர்களைப் பயிற்சியாளராக வைத்துக்கொள்ளும் ஏற்பாடும் உண்டு. முதல் முன்னுரிமை நாட்டுக்காக ஆடியவர்களுக்கு, அப்புறம்தான் தேசியப் பதக்கம், இன்டர்-யூனிவர்சிட்டி பதக்கம் எல்லாம். மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் கேளுங்கள். உங்கள் படிவம் 3 இங்கேயும் வேலை செய்யும்.

சிறுவர்களுக்குப் பயிற்சி தரப்போகிறீர்கள் என்றால் முதலுதவிச் சான்றிதழ் ஒன்று எடுத்துவிடுங்கள். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டம் என்ன சொல்கிறது என்று படியுங்கள். "உடம்பு ஏற" என்று கடையில் விற்கும் டப்பாவைப் பையனுக்குச் சிபாரிசு செய்யாதீர்கள், ஊக்கமருந்து விதிகள் பயிற்சியாளரையும் பிடிக்கும்.

5. உடற்கல்விப் பாதை

எந்தப் பட்டம் முடித்தவரும் பி.பி.எட். சேரலாம், பி.காம். படித்தவர் நிறையப் பேர் இருக்கிறார்கள். பொதுவாகப் பட்டத்தில் 50 சதவீதமும் அங்கீகரிக்கப்பட்ட போட்டியில் பங்கேற்றதற்கான சான்றும் கேட்பார்கள், உயர்ந்த மட்டத்தில் ஆடியிருந்தால் 45 சதவீதத்திலும் வழி உண்டு. கல்லூரிகளுக்கிடையேயான போட்டிச் சான்றிதழே இங்கே போதும். படிப்பு 2 ஆண்டு. அதன் மேல் எம்.பி.எட். இன்னும் 2 ஆண்டு.

சென்னை நந்தனத்தில் உள்ள, 1920-ல் தொடங்கப்பட்ட ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி, மேலக்கோட்டையூரில் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம், காரைக்குடியில் அழகப்பா, பெரியநாயக்கன்பாளையத்தில் மாருதி, திருச்செந்தூரில் சிவந்தி ஆதித்தனார் என்று நல்ல இடங்கள் இருக்கின்றன. வேறு எங்கு சேர்ந்தாலும் ஆசிரியர் கல்விக்கான தேசியக் குழுவின் அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். "தபாலில் பி.பி.எட்." என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். மூன்றாண்டு உடற்கல்வி இளங்கலைப் பட்டத்தையும் பி.பி.எட்.டையும் ஒன்றாக நினைத்துக்கொள்ளாதீர்கள். பள்ளி வேலைக்கு பி.பி.எட். தனியாக வேண்டும்.

சேர்க்கைக்கு உடல்தகுதித் தேர்வும் விளையாட்டுத் திறன் தேர்வும் இருக்கும். ஆடிக்கொண்டிருக்கும் சூட்டோடு போய்விடுங்கள். இரண்டு வருடம் வேறு வேலை பார்த்துவிட்டு வந்தவர்கள் ஓட்டத்தில் மூச்சு வாங்குவதைப் பார்த்திருக்கிறேன்.

அரசுப் பள்ளி வேலைக்கு ஆசிரியர் தேர்வு வாரியம். கிரேடு 1 உடற்கல்வி இயக்குநர் பதவி, முதுகலை ஆசிரியர் தேர்வோடு சேர்ந்து வரும்.

கல்லூரி வேலைக்கு பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறைப்படி எம்.பி.எட்.டில் 55 சதவீதம், பல்கலைக்கழகத்துக்கோ கல்லூரிக்கோ மாநிலத்துக்கோ ஆடிய சான்று, நெட் (தேசியத் தகுதித் தேர்வு) அல்லது செட் (மாநிலத் தகுதித் தேர்வு) அல்லது பிஎச்.டி., இவற்றோடு உடல்தகுதித் தேர்வு. ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு மதிப்பெண்ணில் 5 சதவீதம் தளர்வு உண்டு.

நெட் தேர்வு ஜூன், டிசம்பர் என ஆண்டுக்கு இரண்டு முறை. முதல் தாளில் 50 கேள்வி, இரண்டாம் தாளில் 100, மொத்தம் 300 மதிப்பெண், 3 மணி நேரம், தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை. கேள்விகள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான். தமிழ் வழியில் படித்தவர்கள் உடலியக்கவியல், உடற்பயிற்சி உடலியல் சொற்களை ஆங்கிலத்தில் பழகிக்கொள்ளாமல் போகாதீர்கள். அண்மை ஆண்டுகளில் கட்டணம் பொதுப் பிரிவுக்கு 1,150 ரூபாய், ஓ.பி.சி.க்கு 600, எஸ்.சி., எஸ்.டி.க்கு 325. இங்கே ஒரு சின்னப் பொறி: நம் மாநிலத்தின் பி.சி., எம்.பி.சி. சாதிச் சான்றிதழ் மட்டும் இதற்குப் போதாது, மத்திய அரசுக்கான ஓ.பி.சி. சான்றிதழைத் தனியாக எடுக்க வேண்டும். இ-சேவை மையத்தில் 60 ரூபாய், ஆனால் தாசில்தார் அலுவலகம் ஒப்புதல் தர நாளாகும். கடைசி வாரத்தில் போய் நிற்காதீர்கள்.

கல்லூரி வேலைக்கான உடல்தகுதித் தேர்வில் 30 வயதுக்குட்பட்ட ஆண்கள் 12 நிமிடத்தில் 1,800 மீட்டர், பெண்கள் 8 நிமிடத்தில் 1,000 மீட்டர் ஓடியோ நடந்தோ கடக்க வேண்டும். வயது ஏற ஏறத் தூரம் குறையும். "உடல்தகுதி உள்ளவர்" என்ற மருத்துவச் சான்று இல்லாமல் ஓடவே விடமாட்டார்கள், முன்னாலேயே வாங்கி வையுங்கள்.

சம்பளம் பற்றி ஒளிவில்லாமல் சொல்லிவிடுகிறேன். அரசு, அரசு உதவி பெறும் கல்லூரியில் தொடக்க அடிப்படை ஊதியம் மாதம் 57,700 ரூபாய், படிகள் தனி. அதே தகுதியோடு சுயநிதிக் கல்லூரிக்குப் போனால் இதில் பாதியைப் பார்ப்பதே கஷ்டம், போதாததற்கு ஒழுங்குக் கமிட்டி, பஸ் டியூட்டி, விழா மேடை எல்லாம் உங்கள் தலையில். அரசுப் பணியிடம் அரிதாகத்தான் வரும். இடைப்பட்ட காலத்துக்குப் பெரிய நகரங்களின் சி.பி.எஸ்.இ. பள்ளிகள் பரவாயில்லை. இரண்டு மூன்று விளையாட்டு சொல்லித் தரக்கூடிய ஒருவர் கிடைத்தால் அவர்களுக்கு லாபம், அதைச் சொல்லிச் சம்பளம் பேசுங்கள்.

6. நடுவர் தேர்வு எழுதிவிடுங்கள்

மாவட்ட, மாநிலச் சங்கங்கள் நடத்தும் நடுவர் தேர்வுக்குச் செலவு அதிகம் இல்லை. ஒரு விதிப்புத்தகமும் சில நாள் வகுப்பும்தான். பல விளையாட்டுக்காரர்கள் ஒன்றுக்கு மேற்பட்ட விளையாட்டில் தகுதி காட்டக்கூடிய இடம் இது ஒன்றுதான், எனவே இரண்டு மூன்று எழுதுங்கள். தினப்படி கிடைக்கும். அதைவிட முக்கியம், சங்கத்தை நடத்துகிற ஆட்கள் உங்கள் முகத்தைப் பழகுவார்கள். நிர்வாகத்துக்குப் போகும் வாசல் பெரும்பாலும் இந்த ஸ்கோர் டேபிள்தான்.

7. நிர்வாகம்: பில்லில் ஆரம்பியுங்கள்

பி.டி. உஷா ஓடினார், கேரளத்தில் கினாலூரில் தடகளப் பள்ளி நடத்தினார், 2022-ல் இந்திய ஒலிம்பிக் சங்கத் தலைவரானார். அந்த மட்டத்துக்குப் பதக்கங்கள் வேண்டும். நம் மட்டத்தில் நிர்வாகம் என்பது டீம் மேனேஜர் வேலையில் ஆரம்பிக்கிறது.

டீம் மேனேஜராகப் போகும்போது கேட்டு வாங்க வேண்டியது முன்பண உத்தரவின் நகல். செலவழித்ததற்கு பில். சாப்பாட்டுக் கடையில் பில் கிடைக்காவிட்டால் வவுச்சரில் கையெழுத்து. வீரர்களுக்குத் தினப்படி கொடுத்தால் ஒவ்வொருவரிடமும் கையெழுத்து, அதுவும் பணம் கொடுக்கும்போதே. ரயில் டிக்கெட்டை வைத்திருங்கள். ஊருக்குத் திரும்பிய வாரத்திலேயே கணக்கை ஒப்படையுங்கள். தணிக்கையில் ஆட்சேபணை எழுதினால் உங்கள் கையிலிருந்துதான் பணம் போகும், கோப்பை ஜெயித்தீர்களா என்று தணிக்கையாளர் கேட்கமாட்டார்.

அடுத்து கிளப். மாவட்டச் சங்கத்தில் ஓட்டு கிளப்புகளுக்குத்தான், தனி ஆளுக்கு இல்லை. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ன் கீழ் குறைந்தது 7 பேர் சேர்ந்து, விதிமுறைகள் எழுதி, மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். முகவரிச் சான்று, உறுப்பினர்களின் அடையாள அட்டை நகல்கள், முதல் கூட்டத் தீர்மானம் இவற்றைத் தயாராக வையுங்கள். பெயரில் "இந்தியா", "தேசிய", "தமிழ்நாடு" சேர்க்க ஆசைப்படாதீர்கள், பதிவு இழுக்கும். பதிந்த பின் கிளப் பெயரில் பான், வங்கிக் கணக்கு, அதுவும் இருவர் சேர்ந்து கையெழுத்திடும் கணக்காக. ஒவ்வோர் ஆண்டும் பொதுக்குழு நடத்தி, கணக்கையும் நிர்வாகிகள் பட்டியலையும் பதிவாளருக்கு அனுப்ப வேண்டும். நிறைய கிளப்புகள் இதை விட்டுவிட்டு, சங்கத் தேர்தல் வரும்போதுதான் பதிவு உயிரோடு இல்லை என்று கண்டுபிடிக்கின்றன. தேர்தலில் எதிரணி முதலில் பார்ப்பதும் அதைத்தான்.

மாவட்டச் சங்கத்தில் இணைப்புக் கேட்கும்போது மனுவை எழுத்தில் கொடுத்து, நகலில் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். வாயால் "சரி, சேர்த்துடலாம் தம்பி" என்றால் அது எங்கும் பதிவாகாது.

2025-ல் வந்த தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம், தேசிய அமைப்புகளின் செயற்குழுவில் சிறந்த வீரர்களுக்கும் பெண்களுக்கும் இடம் தரச் சொல்கிறது. பெண் வீரர்கள் இந்தப் பாதையைக் கொஞ்சம் கூடுதலாகவே கவனியுங்கள்.

8. நேர்காணலுக்குப் போகும் கோப்பு

அசல்கள் தனி உறையில், சுய சான்றொப்பமிட்ட ஜெராக்ஸ் இரண்டு செட் தனியாக. வரிசை இப்படி: பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், பட்டங்கள், விளையாட்டுப் படிவங்கள் (உயர்ந்த மட்டம் மேலே), பயிற்சியாளர் அல்லது நெட் சான்றிதழ், நடுவர் சான்றிதழ்கள், அனுபவச் சான்று, சாதிச் சான்றிதழ். அசலை யார் கேட்டாலும் ஒப்புகைச்சீட்டு இல்லாமல் விட்டுவிட்டு வராதீர்கள். வேலையில் சேரும்போது அசல்களை வைத்துக்கொண்டு, விலகும்போது இழுத்தடிக்கும் தனியார் நிறுவனங்கள் இருக்கின்றன. சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தரச் சொல்லுங்கள். மறுத்தால், எந்தெந்தச் சான்றிதழ் என்று பட்டியல் போட்டு, நிறுவன முத்திரையோடு கையெழுத்து வாங்கிக்கொண்ட பிறகே கொடுங்கள்.